டாக்டர் போனை எடுப்பாரா?

2013-ல் ஒரு வியாழக்கிழமை, அமெரிக்காவில் நான் பிசிஷியன் அசிஸ்டன்டாக வேலை பார்க்கும் கிளினிக்கை மூட இருபது நிமிடம் இருக்கும்போது 78 வயது அம்மா ஒருவர் மகனோடு வந்தார். இரண்டு நாளாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, காய்ச்சல் இல்லை. சிறுநீரைப் பரிசோதித்ததில் தொற்று தெளிவாகத் தெரிந்தது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன், இதற்கு முன் சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்றார். பாக்ட்ரிம் என்ற சல்ஃபா கலந்த ஆன்டிபயாட்டிக் எழுதினேன். கணினியில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. ஒரு நாளைக்கு அப்படி ஐம்பது அறுபது வரும், அதையும் தள்ளிவிட்டு, சீட்டை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரவு ஏழரை மணிக்கு டாக்டர் போன் செய்தார். கிளினிக்கில் எனக்கு மேற்பார்வையாளர் அவர்தான், அப்போது அறுபதைத் தாண்டியவர். தினமும் கடைசியாக உட்கார்ந்து என்னுடைய சார்ட், அதாவது நோயாளிகளைப் பற்றி நான் எழுதிய குறிப்புகள், சிலவற்றைப் படிப்பார். "அந்த அம்மாவுக்கு என்னென்ன மாத்திரை ஓடுகிறது?" என்று கேட்டார். இதயம் பலவீனமானவர் என்பதால் லிசினோப்ரில், ஸ்பைரோனோலாக்டோன், நீர் போக ஒரு மாத்திரை என்று சொல்லிக்கொண்டே வந்தேன், சொல்லும்போதே எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. "பொட்டாசியம் எவ்வளவு?" என்றார். இரண்டு வாரத்துக்கு முன் எடுத்ததில் 4.9, ஏற்கனவே மேல் எல்லையை ஒட்டி.

விஷயம் இதுதான். லிசினோப்ரில் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், ஸ்பைரோனோலாக்டோனும் தேக்கும். பாக்ட்ரிமில் இருக்கும் ட்ரைமெத்தோப்ரிம் என்ற பாதியும் சிறுநீரகத்தில் அதே வேலையைத்தான் செய்கிறது. மூன்றும் சேர்ந்தால், அதுவும் அந்த வயதில், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன், அன்று மாலை மட்டும் நினைவுக்கு வரவில்லை. மகனைக் கூப்பிட்டோம். ஒரு மாத்திரை போட்டிருந்தார். அதோடு நிறுத்தச் சொல்லி செஃபலெக்சின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றினோம். மறுநாள் காலை ரத்தம் எடுத்ததில் 5.1, அதற்குமேல் ஏறவில்லை.

பன்னிரண்டு வருடம் ஆகிறது, அந்த எண் இன்னும் மறக்கவில்லை.

நான் பி.ஏ., அதாவது பிசிஷியன் அசிஸ்டன்ட். டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சிறு ஊரில் வேலை. நோயாளியைப் பார்ப்பேன், பரிசோதிப்பேன், இன்ன நோய் என்று முடிவு செய்வேன், மருந்து எழுதுவேன். ஆனால் நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கப் பல வருடம் பிடித்தது. "டாக்டர் இல்லைங்கிற, நர்ஸும் இல்லைங்கிற, அப்புறம் எப்படிடி மருந்து எழுதுற?" என்று அம்மா கேட்டது சரியான கேள்வி. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கான பதில்தான். பி.ஏ. படிக்கலாமா என்று கேட்டு எழுதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், அமெரிக்காவில் "இன்று டாக்டர் இல்லை, பி.ஏ. பார்ப்பார்" என்று கேட்டுத் தயங்கி நிற்கும் பெற்றோர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வட கரோலினாவில் கார்லண்ட் என்ற சின்ன ஊரில் ஏமோஸ் ஜான்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் பட்டி ட்ரெட்வெல் என்ற கறுப்பின இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். டாக்டரே அவருக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார், காலப்போக்கில் டாக்டர் வெளியூர் போனாலும் கிளினிக் நடந்தது. நம் ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் வியப்பாக இருக்காது. எங்கள் தெருவில் இருந்த டாக்டரிடம் ஒரு கம்பவுண்டர் இருந்தார், பாதிப் பேர் அவரைப் பார்க்கத்தான் வருவார்கள். ஜான்சனின் கிளினிக் நடந்த விதத்தை டியூக் பல்கலைக்கழகத்தின் யூஜின் ஸ்டெட் அறிந்திருந்தார். போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து பழகிய கடற்படை மருத்துவ உதவியாளர்கள் ஊர் திரும்பியதும் அந்த அனுபவத்துக்கு ஏற்ற வேலை இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேரைச் சேர்த்து 1965-ல் ஒரு படிப்பைத் தொடங்கினார். 1967 அக்டோபர் 6 அன்று மூன்று பேர் முடித்து வெளியே வந்தார்கள். இன்று அமெரிக்காவில் 1,60,000-க்கும் மேல் இருக்கிறோம்.

படிப்பு வந்துவிட்டது. மருந்து எழுதும் உரிமை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. அது மாநிலம் மாநிலமாக, சட்டம் சட்டமாக வந்தது. கடைசியாக இந்தியானா 2007-ல் கொடுத்தது, முதல் மூன்று பேர் முடித்து நாற்பது வருடம் கழித்து. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு, அதாவது அடிமையாக்கக்கூடிய வலி மாத்திரை போன்றவற்றுக்கு, இன்னும் தாமதம், கென்டக்கி 2020-ல்தான் சம்மதித்தது. அதாவது ஒரே படிப்பு, ஒரே தேசியத் தேர்வு, ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் ஒருவர் கையில் இருக்கும் பேனாவின் பலம் மாறும்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், வெளியே இருப்பவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆர்டர் போடுவது வேறு, பிரிஸ்கிரிப்ஷன் எழுதுவது வேறு. மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்கு மருந்து ஆர்டர் போட்டால் அது சார்ட்டில் ஏறும், மருந்தாளுநர் பார்ப்பார், பிறகு நர்ஸ் பார்ப்பார், கொடுத்த பிறகு ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார். நான் ஒரு தப்புச் செய்தால் அதைப் பிடிக்க இரண்டு மூன்று பேர் கண் இருக்கிறது. பிரிஸ்கிரிப்ஷன் அப்படி இல்லை. கடைக்குப் போகும், கடையிலிருந்து வீட்டுக்குப் போகும், அங்கே சமையலறை மேடையில் ஒரு வயதானவர் கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறப்பார். நானும் சில வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்தவள்தான், அங்கே ஆர்டர் போடும்போது தெரியாத பயம் கிளினிக்கில் சீட்டு எழுத ஆரம்பித்த முதல் வாரமே தெரிந்தது.

சரி, டெக்சஸில் எனக்கு இந்த உரிமை எங்கிருந்து வருகிறது? என் பட்டத்திலிருந்து நேராக வரவில்லை, டாக்டரின் கையிலிருந்து வருகிறது. அவருக்கு இருக்கும் உரிமையில் ஒரு பங்கை எனக்குத் தருகிறார், அதற்கு ஓர் ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், வருடம் ஒருமுறை மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வகை மருந்து எழுதலாம், எது கூடாது, எப்போது அவரைக் கேட்க வேண்டும், அவசரம் என்றால் என்ன செய்வது, என் சார்ட்டுகளில் எத்தனையை அவர் பார்ப்பார், எல்லாம் அதில் இருக்கும். மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். பொதுவாக ஒரு டாக்டர் ஏழு பேர் வரை இப்படி வைத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு சட்டம் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தது: டாக்டர் அங்கே எத்தனை நேரம் இருக்கிறார், எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்று.

கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்றால் இன்னொரு அடுக்கு. மத்திய அரசின் போதைமருந்துத் துறை, டி.இ.ஏ., தனி எண் தரும். டாக்டர்களின் எண் ஏ, பி, எஃப், ஜி என்று தொடங்கும், எங்களுடையது எம் என்று தொடங்கும், இரண்டாவது எழுத்து நம் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. அப்புறம் ஏழு இலக்கம். அதில் ஒரு கணக்கு உண்டு: 1, 3, 5-ஆம் இலக்கங்களைக் கூட்டி, 2, 4, 6-ஆம் இலக்கங்களைக் கூட்டி இரட்டித்து, இரண்டையும் சேர்த்தால் வரும் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். பழைய மருந்தாளுநர்கள் சீட்டைப் பார்த்தவுடன் மனக்கணக்காகவே போட்டுப் போலியைப் பிடித்துவிடுவார்கள். எங்கள் ஊர்க் கடையில் ஒருவர் அப்படி இருந்தார், என்னுடைய முதல் சீட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டு, "கணக்குச் சரியாக இருக்கிறது, வாழ்த்துகள்" என்றார். இன்றும் அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

இந்த மருந்துகளை அடிமையாக்கும் ஆபத்தை வைத்து ஐந்து பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள், எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். கிளினிக்கில் அந்த டி.இ.ஏ. எண்ணை வைத்து மூன்று முதல் ஐந்தாம் பட்டியல் வரையிலான மருந்துகளை எழுதலாம், ரீஃபில் சேர்த்து 90 நாளுக்கு மேல் கூடாது, அதற்கு மேல் தொடர வேண்டுமென்றால் டாக்டரிடம் பேசி, பேசியதைச் சார்ட்டில் குறிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழான குழந்தை என்றால் முதல் சீட்டுக்கே பேச வேண்டும். இரண்டாம் பட்டியல் மருந்தை மருத்துவமனையில் இருப்பவருக்கும், அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கும், ஹாஸ்பிஸில், அதாவது இறுதிக்காலப் பராமரிப்பில், இருப்பவருக்கும்தான் எழுத முடியும்.

பாக்ட்ரிம் இந்தப் பட்டியல்களில் எங்குமே இல்லை.

இதைத்தான் நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சட்டம் கோடு போட்டிருப்பது எந்த மருந்துக்கு மனிதர் அடிமையாவார், எது திருட்டுத்தனமாக விற்கப்படும் என்பதைப் பார்த்து. அதற்குக் காரணம் இருக்கிறது, வலி மாத்திரையால் இந்த நாட்டில் எத்தனை குடும்பம் அழிந்தது என்று எங்கள் ஊரிலேயே வீடு வீடாகக் காட்ட முடியும். ஆனால் கிளினிக்கில் நான் அன்றாடம் சந்திக்கும் ஆபத்து அந்தக் கோட்டைப் பார்த்து வருவதில்லை. ரத்தக்கட்டைத் தடுக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதே பாக்ட்ரிமைக் கொடுத்தால் ரத்தம் உறையாமல் போய்விடும். சிறுநீரகம் பாதியாகிவிட்டவருக்கு மூட்டுவலிக்கு நேப்ராக்சன் எழுதினால் மீதியும் போகலாம். இதற்கெல்லாம் எந்தத் தனி எண்ணும் வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம், ஒரு சொடுக்கில் போய்விடும். அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது சாயங்காலம் சார்ட்டை உண்மையாகவே படித்த ஒரு மனிதர். ஒப்பந்தத்தில் "சார்ட் பார்க்கப்படும்" என்றுதான் இருந்தது, அதே வரியை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் இருபது சார்ட்டை ஒரே நிமிடத்தில் டிக் அடித்து முடிக்கும் டாக்டர்களையும் எனக்குத் தெரியும்.

அந்தக் கோடு எதிர்ப்பக்கம் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஹைட்ரோகோடோன் கலந்த வலி மாத்திரைகள் அதுவரை மூன்றாம் பட்டியலில் இருந்தன, நான் எழுதிக்கொண்டிருந்தேன். 2014 அக்டோபர் 6, திங்கட்கிழமை, நாடு முழுவதும் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றினார்கள். முதல் பி.ஏ.க்கள் படித்து முடித்த அதே தேதி, அந்த வாரத்தைத்தான் எங்கள் தொழிலின் வாரமாகக் கொண்டாடுகிறோம். அந்த வாரத்திலேயே ஒருவர் வந்தார், ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர், வாழ்நாள் முழுவதும் மாடு மேய்த்த மனிதர், வலி என்று அவர் வாயிலிருந்து வருவதற்கே ரொம்ப வலிக்க வேண்டும். மாத்திரை தீர்ந்துவிட்டது. ஹாஸ்பிஸில் சேர அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. டாக்டர் மகள் வீட்டுக்குப் போக விமானத்தில் இருக்கிறார். இரண்டாம் பட்டியல் மருந்துக்கு அப்போது வேண்டியிருந்த எண் போட்ட அரசுப் படிவம் அவருடைய பூட்டிய மேசைக்குள் இருக்கிறது, திறந்து எடுத்தாலும் அதில் நான் எழுத முடியாது. போன வெள்ளிக்கிழமை வரை எழுதிய மாத்திரை, அதே நோயாளி, அதே அளவு.

கடைசியில் 40 மைல் தள்ளி இருக்கும் அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கேயும் அவரைப் பார்த்தது ஒரு பி.ஏ.தான். என்னுடைய அதே லைசென்ஸ், அதே படிப்பு, ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அந்த மாத்திரையை ஆர்டர் போட அவருக்குச் சட்டம் இடம் தருகிறது. மனைவி எனக்குப் போன் செய்து, ஐந்து மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று. ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) பழக்கத்திலிருந்து வெளியே வர உதவும் ப்யூபிரநார்ஃபின் மருந்தை எழுத, 2016 சட்டத்துக்குப் பிறகுதான் எங்களுக்கு வழி திறந்தது, அதற்கும் 24 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றார்கள், டாக்டருக்கு 8 மணி நேரம். பழக்கத்தில் தள்ளும் மாத்திரையை எழுத இந்தத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. 2022 டிசம்பர் கடைசியில் அந்தத் தனி அனுமதியையே எடுத்துவிட்டார்கள். நல்லது.

இதையெல்லாம் படிப்பவர் நான் மேற்பார்வையே வேண்டாம் என்று சொல்லப்போவதாக நினைக்கலாம். எங்கள் தொழிலில் பலர் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். வடக்கு டகோட்டா 2019-ல் டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தாக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது, வயோமிங்கும் யூட்டாவும் 2021-ல் அந்த வழியில் போயின. அதே ஆண்டு எங்கள் தேசியச் சங்கம் "அசிஸ்டன்ட்" என்ற சொல்லை "அசோசியேட்" என்று மாற்ற வாக்களித்தது. அவர்கள் சொல்லும் காரணத்தில் ஒன்றை என் உடம்பாலேயே அனுபவித்திருக்கிறேன். என் டாக்டர் ஒரு நாள் திடீரென்று பக்கவாதத்தில் விழுந்தார். எங்கள் கிளினிக்கில் வேறு டாக்டர் இல்லை, மாற்று மேற்பார்வையாளர் என்று தாளில் யாரும் இல்லை. மறுநாள் காலை காத்திருப்பு அறை நிறைய ஆட்கள், ஒன்பது வருடம் நான் பார்த்துவந்த நோயாளிகள், ஒருவருக்குக்கூட ரத்த அழுத்த மாத்திரை எழுத எனக்கு உரிமை இல்லை. முந்தின நாள் எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றும் தெரிந்தது. பதினொரு நாள் கழித்துப் புதிய டாக்டர் ஒருவரோடு ஒப்பந்தம் ஆனது. அந்தப் பதினொரு நாளில் இன்சுலின் தீர்ந்துபோன இருவர் பக்கத்து ஊருக்கு அலைந்தார்கள். இப்படி ஒரு தாளில் ஊரையே கட்டி வைக்கும் முறை மாற வேண்டும், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அதற்காக அந்தப் போனை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. எங்கள் படிப்பு சராசரியாக 27 மாதம், அதில் சுமார் 2,000 மணி நேரம் நோயாளிகளோடு. டாக்டர் மருத்துவக் கல்லூரிப் படிப்பை முடித்த பிறகும் மூன்று வருடமாவது ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியில் இரவும் பகலும் உழைத்துவிட்டு வருகிறார். இந்த வித்தியாசம் முதல் ஐந்து வருடம் நிச்சயமாகத் தெரியும், அதற்குப் பிறகும் அரிதான நோய் ஒன்று சாதாரண இருமல் வேடத்தில் வரும்போது தெரியும். எனக்குத் தெரியாதது எனக்கே தெரியாமல் இருக்கும் இடம் ஒன்று உண்டு, அந்த இடத்தில் இன்னொரு கண் வேண்டும்.

பிரிட்டனில் கதையே வேறு. அங்கே பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் இருப்பவர்களுக்கு மருந்து எழுதும் உரிமையே இல்லை, சீட்டில் டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும். கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பரபரப்பான கிளினிக்கில் நோயாளியைத் தானே பார்க்காமல் டாக்டர் போடும் கையெழுத்து எதைக் காப்பாற்றும்? அங்கே இந்தத் தொழிலுக்குச் சட்டப்படியான ஒழுங்குமுறையே 2024 டிசம்பரில்தான் வந்தது. 2025 ஜூலையில் வெளியான லெங் ஆய்வறிக்கை, பெயரை மறுபடி அசிஸ்டன்ட் என்றே மாற்றச் சொன்னது, என்ன நோய் என்று தெரியாமல் புதிதாக வருபவர்களை அவர்கள் நேராகப் பார்ப்பதையும் கட்டுப்படுத்தச் சொன்னது.

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவின் முதல் பி.ஏ. படிப்பு சென்னையில்தான் தொடங்கியது, 1992-ல், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே.எம்.செரியனின் முயற்சியில். 2021-ல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்திலும் இந்தத் தொழில் இடம்பெற்றது. ஆனால் மருந்து எழுதும் உரிமை அவர்களுக்கு இல்லை. கம்பவுண்டரிடம் மாத்திரை வாங்கிப் பழகிய நாட்டில், முறையாகப் படித்தவருக்கு எந்த மருந்தை, யார் கண்காணிப்பில் எழுத இடம் தரலாம் என்று பொறுமையாகப் பேச இன்னும் நேரம் வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. பேசும்போது சீட்டில் யார் கையெழுத்து என்பதோடு நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும்.

என் பழைய டாக்டர் இப்போது தேறிவிட்டார், வலது கை மட்டும் முழுதாக வரவில்லை. போன தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தபோது, பேச்சு கொஞ்சம் இழுத்தாலும், என் நோயாளிகளைப் பெயர் சொல்லி விசாரித்தார். புதிய டாக்டரோடு முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. நான் கேள்வியோடு கூப்பிட்டால் "உங்களுக்குத்தான் அனுமதி இருக்கிறதே, நீங்களே எழுதியிருக்கலாமே" என்பார். அவரைப் பொறுத்தவரை அது எனக்குக் காட்டிய மரியாதை. அனுமதி இருக்கிறது டாக்டர், இருந்தாலும் கேட்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். இப்போது அவரே சில நாள் கூப்பிட்டு, இந்த நோயாளிக்கு நீங்கள் போன வருடம் எதைக் கொடுத்து நின்றது என்று கேட்கிறார்.

பி.ஏ. முடித்து முதல் வேலைக்கு நேர்காணல் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: சம்பளம், விடுமுறை எல்லாம் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். மேற்பார்வை செய்யப்போகும் டாக்டரை நேரில் சந்திக்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அவருடைய சொந்தக் கைபேசி எண்ணைத் தருவாரா என்று கேளுங்கள். அவர் வெளியூரில் இருக்கும் நாளில் யாரைக் கூப்பிட வேண்டும், அந்தப் பெயர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கனவே அங்கே இருக்கும் பி.ஏ.யிடம் தனியாகப் பேசுங்கள். கடைசியாக டாக்டரிடம், போன மாதம் நீங்கள் படித்த சார்ட் ஒன்றில் என்ன திருத்தினீர்கள் என்று கேளுங்கள். ஒன்றைக்கூட அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.